லைப்சிக் போகும் மொழியியல் மாணவிக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. "ஜெர்மனிக்குப் போய் இலக்கணமா படிக்கப் போறே?" என்று சித்தப்பா கேட்டாராமே. அவருக்கு ஒரு தகவல் சொல். 1913-14இல் அதே லைப்சிக் பல்கலைக்கழகத்தில் புரூக்மன், லெஸ்கின் ஆகியோரின் வகுப்புகளில் அமெரிக்காவிலிருந்து வந்த புளூம்ஃபீல்டும், ரஷ்யாவிலிருந்து வந்த துருபெத்ஸ்கோயும், பிரான்சிலிருந்து வந்த தெனியேரும் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டு மொழியியலின் மூன்று கிளைகள் அந்த மூவரிடமிருந்து கிளம்பின. அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்பு சுவிட்சர்லாந்துக்காரரான சசூர் டாக்டர் பட்டம் பெற்றதும் அங்கேதான், 1880இல். அவருடைய ஆய்வு சமஸ்கிருத வேற்றுமை ஒன்றைப் பற்றியது. வெளியூரிலிருந்து வந்து படிப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம்.

பணத்தையும் காகிதத்தையும் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் விசா நகராது. மாதந்தோறும் ஒரு பங்கு மட்டுமே எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வைத்த கணக்கு; விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் தொகையை இன்னொரு முறை பார். விடுதிக்கு இன்றே விண்ணப்பி, விசா வரட்டும் என்று காத்திருக்காதே. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். உணவு டெலிவரிக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன், வாடகை வாடகைதான். ஆனால் துறையிலேயே 'ஹிவி' என்கிற மாணவர் உதவியாளர் வேலை இருக்கும். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, தரவுக்குக் குறியிடுவது போன்ற வேலைகள். சம்பளம் சுமார்தான், ஆனால் பாடத்திட்டம் சொல்லித்தராததை அந்த வேலை சொல்லித்தரும். இன்னொன்று, அங்கே 1 என்பது முதல்தர மதிப்பெண், 5 என்றால் தோல்வி. முதல் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு அழாதே.

இனி முக்கியமான விஷயம். முதல் வாரமே யாராவது ழகரத்தைச் சொல்லிக் காட்டச் சொல்வார்கள். சொல்லிக் காட்டு. அடுத்த மாதமும் அதையே செய்துகொண்டிருந்தால் நீ அந்த வகுப்பில் மாணவி அல்ல, காட்சிப்பொருள். மொழியியல் துறைகளில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியான நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்: 'தமிழ் பேசுகிறவர்' என்ற நாற்காலி. யார் எந்தக் கோட்பாட்டைப் பேசினாலும் உன் பக்கம் திரும்பி, "தமிழில் இப்படிச் சொல்ல முடியுமா?" என்பார்கள். நீயும் "முடியும்", "முடியாது" என்று தீர்ப்புச் சொல்வாய். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிடும். பிறரின் கட்டுரைகளில் அடிக்குறிப்பில் உனக்கு நன்றி இருக்கும். உன் பெயரில் ஒரு கட்டுரையும் இருக்காது.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்று நீயே சோதித்துப் பார். 'குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்.' சாதாரண வாக்கியம். எழுவாய் எது? முதல் வேற்றுமையில் நிற்பதே எழுவாய் என்று பள்ளியில் படித்தோம். இங்கே முதல் வேற்றுமையில் ஒரு பெயரும் இல்லை. குமார் 'கு' உருபோடு நிற்கிறான், தம்பி 'ஐ' உருபோடு. 'பிடிக்கும்' என்ற வினை இருவரில் யாரோடும் திணை, பால் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் 'தன்' என்பது நேராகக் குமாரைப் போய்ப் பிடிக்கிறது, வழக்கமாக எழுவாயைப் பிடிப்பதைப் போலவே. இப்போது பெயர்களை மாற்றிப் போடு: 'தன் தம்பிக்குக் குமாரைப் பிடிக்கும்.' இதில் 'தன்' குமாரைக் குறிக்குமா? குறிக்காது என்று உடனே தோன்றும். இருபது முறை சொல்லிப் பார்த்தால் குறிக்கலாமோ என்று தோன்ற ஆரம்பிக்கும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எந்தக் காதும் மழுங்கிவிடும், உன் பாளையங்கோட்டைக் காதும்தான்.

ஆகவே மூன்று பேரையாவது கேள். நாகர்கோவிலில் ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர், பெனாங்கில் ஒருவர். எதற்குக் கேட்கிறாய் என்று முன்கூட்டிச் சொல்லாதே; சொன்னால் நீ விரும்பும் பதிலைக் கொடுத்துவிடுவார்கள், நம் ஆட்கள் அவ்வளவு நல்லவர்கள். எழுதிக் காட்டியும் கேட்காதே. எழுத்தைப் பார்த்ததும் எல்லோரும் தமிழாசிரியர் ஆகிவிடுவார்கள். ஒருவர் 'தன் தம்பி'யை விட்டுவிட்டு 'குமாருக்கு அவன் தம்பியப் புடிக்கும்' என்று திருப்பிச் சொன்னால், அவரைத் திருத்தாமல் அதை அப்படியே குறித்துக்கொள். "கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம்" என்று யாராவது சொன்னால் அன்றைய வேலை பலித்தது என்று வைத்துக்கொள்.

ழகரத்துக்கும் இதே வைத்தியம்தான். அம்மா 'மழை', 'பழம்' என்று சொல்வதைப் பதிவுசெய்து எடுத்துப் போ; எம்பி3 வேண்டாம், டபிள்யூஏவி. ஆம்ஸ்டர்டாமில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து பார். ழகரம் வரும் இடத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் (ஒத்ததிர்வு அலைவெண்) சட்டென்று கீழே இறங்குவது திரையில் தெரியும். இறங்கவில்லை என்றால் அம்மா ளகரம் சொல்கிறாராக இருக்கலாம். அதற்காக அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே.

"தமிழ் உலகின் மூத்த மொழி" என்ற வாக்கியத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போ. பேசப்படும் எந்த மொழியும் இன்னொன்றுக்கு மூத்ததல்ல என்பது அங்கே முதல் பருவப் பாடம். எழுத்துச் சான்றின் பழமை வேறு சங்கதி. தொல்காப்பியத்தை மட்டும் விடாதே. ஒலிகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று பிறப்பியல் சொல்வதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிக் காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இன்றைய மொழியியலாளர் சாம்ஸ்கி சொன்னதையெல்லாம் நாங்கள் அன்றே சொல்லிவிட்டோம் என்று சேர்த்தால், நிமிர்ந்தவர்கள் சாய்ந்துவிடுவார்கள்.

மொழியியல் கருத்தரங்குகளில் எண்ணிட்ட எடுத்துக்காட்டுகளோடு ஒரு ஹேண்ட்அவுட் கொடுப்பது வழக்கம். முதல் வரியில் வாக்கியம், அடுத்த வரியில் உருபன் பிரிப்பு, அதன்கீழ் ஒவ்வொன்றின் இலக்கணக் குறி, கடைசியில் பொருள். இதற்கு உலகமெங்கும் பின்பற்றும் விதிமுறைக்குப் பெயரே நீ போகும் ஊரின் பெயர்தான், லைப்சிக் விதிகள். அதைக் கைவிரல் நுனியில் வைத்துக்கொண்டு போ. பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்கும் வெறுங்கையோடு போகாதே. ஒரு பக்கத் தாள், நான்கு எடுத்துக்காட்டு, ஒரு கேள்வி போதும். அவர் உன் விளக்கத்தைப் பிய்த்துப் போட்டால் அது கோபம் அல்ல. நீ அவருடைய விளக்கத்தைப் பிய்த்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரும்பாலும்.

கடைசியாக, ஆய்வேட்டுப் பொருள். தமிழைத்தான் எடுப்பேன் என்று முடிவு கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டீபன் லெவின்சன் என்ற ஆங்கிலேயர் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கித் தமிழ்ப் பேச்சைச் சேகரித்தார். அவரும் பெனலோபி பிரவுனும் 1978இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாட்டுக்கு ஆதாரமான மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. அவர் நம் கிராமத்துக்கு வரலாம், நீ மட்டும் அடுத்தவர் மொழிக்குப் போகக் கூடாதா? மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1957இல் பென்சில்வேனியாவில் பட்டம் வாங்கியது தாய்மொழியான தெலுங்கை ஆராய்ந்து. அந்தப் பயிற்சியோடு திரும்பி வந்து, மலைவாழ் மக்களின் கோண்டா மொழிக்கு இலக்கணம் எழுதி 1969இல் வெளியிட்டார். எமனோ என்ற கனடாக்காரர் 1930களில் நீலகிரியில் தோதர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். அந்த மொழிகளை இன்று பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஊட்டிக்குப் பேருந்தேறினால் போய்விடலாம், ஆனாலும் நம்மில் போகிறவர்கள் குறைவு.

முதல் பருவத்திலேயே தெரியாத மொழி ஒன்றை எடு. லைப்சிக்கின் ஐசன்பான் தெருவில் நடந்தால் அரபு, குர்து, துருக்கி எல்லாம் காதில் விழும். கடைக்காரரிடம் காய்கறி வாங்கிக்கொண்டே நாலு வாக்கியம் கேட்கலாம். அப்போதுதான் கேள்வி கேட்கிறவரின் நாற்காலி உனக்குப் பழகும். தமிழ் எங்கும் ஓடிவிடாது, இரண்டாம் ஆண்டு எடுத்துக்கொள்.

பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. உன் முதல் ஹேண்ட்அவுட்டை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்