இடுப்பு வலிக்குப் படுக்கைதான் மருந்தா?



அரிசி மூட்டையைத் தூக்கியபோது அத்தாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "பத்து நாள் அசையாமப் படுங்க மச்சான், எனக்கு அப்படித்தான் சரியாச்சு" என்கிறார் மாமா. தைலம் போட்டு உருவிவிடச் சொல்கிறார் நன்னி. மெஷின் வைத்துத்தான் தனக்குக் குணமானது என்கிறார் நண்பர்.

மூவரும் பொய் சொல்லவில்லை. மூவருக்கும் வலி போனது உண்மை. ஆனால், அதைப் போக்கியது எது?

புதிதாக வரும் சாதாரண இடுப்பு வலி, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அந்த நாள்களில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். 'அதற்குப் பிறகு குணமானது' என்பது வேறு. 'அதனால் குணமானது' என்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு தேவைப்படுகிறது.

ஓர் ஆய்வைப் பார்ப்போம்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில், புதிதாக இடுப்பு வலி வந்த மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை மருத்துவர்கள் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 67 பேர் இரண்டு நாள் முழுப் படுக்கை ஓய்வு எடுத்தார்கள். 52 பேர் இடுப்பை வளைக்கும் பயிற்சிகளைச் செய்தார்கள். மற்ற 67 பேர், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தார்கள்.

யார் எந்தப் பிரிவு என்பதை நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை, மருத்துவரும் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போல முடிவானது. ஏனென்றால், வலி குறைவானவர்கள் நடமாடவும் அதிகமானவர்கள் படுக்கவும் விட்டால், ஒப்பீடே தவறாகிவிடும்.

மூன்றாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் பார்த்தபோது, அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். மிக மெதுவாகத் தேறியவர்கள் படுக்கையில் இருந்தவர்கள். 1995இல் வெளியான முடிவு இது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டவர்களும், இயன்றவரை நடமாடுவதே நல்லது என்றே சொல்கிறார்கள்.

ஆனால், ஓர் ஆய்வு தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தரும். இது புதிய வலியைப் பற்றியது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு முறையான உடற்பயிற்சி பலன் தருகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆய்வு மட்டும் போதுமா?

போதாது. சான்று சார்ந்த சிகிச்சைக்கு மூன்று தூண்கள் உண்டு: நல்ல ஆய்வு, சிகிச்சை தருபவரின் அனுபவம், நோயாளியின் தேவை. டேவிட் சாக்கெட் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1996இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். முழங்கால் வலியுள்ள நம் உம்மா, "தரையில் சஜ்தா செய்து தொழ வேண்டும்" என்று ஆசைப்பட்டால், அதைப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும். பயிற்சியின் இலக்கை அவர் அதற்கேற்ப வகுப்பார்.

நாம் கேட்க வேண்டியவை

பத்து, இருபது நாள் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் மரியாதையோடு கேளுங்கள்:

1. இந்தச் சிகிச்சையை எதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்?
2. எவ்வளவு பலன், எத்தனை நாளில் எதிர்பார்க்கலாம்? பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன?
3. பக்க விளைவு உண்டா?
4. வீட்டிலேயே நாங்கள் செய்யக்கூடியது என்ன?

நல்ல பிசியோதெரபிஸ்ட் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு இடையில் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பலமாக விழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இவற்றுக்கு 'நடமாடினால் சரியாகும்' என்று காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால், அத்தாவைப் பத்து நாள் பாயில் கிடத்த வேண்டாம். மெல்ல எழுந்து வீட்டுக்குள் நடக்கட்டும். பாரம் தூக்குவதை மட்டும் சில நாள் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.