வைப்பின் தீவு: பெரியாறு தந்த மண்

மட்டாஞ்சேரியில் நான் எடுக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகள் சேர, சோழ, பாண்டியரை ஒப்பிக்கிறார்கள். ஆனால் நாம் வாழும் இந்த மண்ணே சேர நாடு என்றால் வியக்கிறார்கள். ஆகவே இம்முறை பாடம், நம் கண்ணெதிரே கிடக்கும் வைப்பின் தீவு. பெற்றோரும் உடனிருந்து படிக்க வேண்டுகிறேன்.

ஃபோர்ட் கொச்சித் துறையில் நின்று அழிமுகத்தைப் பார்த்தால் எதிர்க்கரை வைப்பின். அங்கிருந்து வடக்கே முனம்பம் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளம். அகலம் மிகக் குறைவு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல்.

பெயர் நமக்குப் புதிதல்ல. 'வைப்பு' என்றால் வைக்கப்பட்டது. வைத்தது யார்? பெரியாறு. 1341இல் அதில் பெருவெள்ளம் வந்தது. வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கத்து முகத்துவாரம் தூர்ந்தது. தெற்கே கொச்சி அழிமுகம் அகன்றது. அந்த ஆண்டிலிருந்து 'புதுவைப்பு' என்றொரு ஆண்டுக்கணக்கே இங்கு வழங்கியது. தீவில் புதுவைப்பு என்ற ஊரும் உண்டு. ஒரே வெள்ளத்தில் முழுத் தீவும் முளைத்தது என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆறு வண்டலைக் கொண்டுவரும். கடலலை அதைத் திருப்பித் தள்ளும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மணல் மேடு வளரும். இது பல காலம் நடக்கும் வேலை. வெள்ளம் அதை விரைவுபடுத்தியிருக்கும்.

தூர்ந்துபோன அந்தப் பக்கத்தில்தான் பழைய முசிறித் துறைமுகம் இருந்தது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அதில் வரும் பேரியாறே நம் பெரியாறு. வடக்குப் பறவூர் அருகே பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. முசிறி அதுவே என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முசிறி ஒதுங்கியபின் வாணிபம் கொச்சிக்கு வந்தது. மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளுக்கும், அவற்றை நாடி வந்த குஜராத்தியர், கொங்கணியர், யூதர், தமிழர் எல்லோருக்கும் அந்த மணல்தான் வழி திறந்தது என்பேன்.

இதே ஆற்றின் நீர்தான், 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தேனி, மதுரை வயல்களுக்குப் போகிறது. அணையைப் பற்றிப் பள்ளியில் சண்டைப் பேச்சைக் கேட்டுவரும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: ஆறு இரு பக்கத்துக்கும் சோறு போடுகிறது.

வைப்பினில் உப்பு நீர் தாங்கும் பொக்காளி நெல் விளைகிறது. மழைக்காலத்தில் நெல், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால். இறாலின் கழிவும் நெல்லின் தாளும் ஒன்றுக்கொன்று உரமும் தீனியும் ஆவதால் உரச்செலவே இல்லை. நிலம் மட்டும் மிகத் தாழ்வு. 2004 சுனாமியில் எடவனக்காட்டில் உயிர்கள் போயின. ஏற்றநீர் வீட்டு முற்றம் வரை வருவதும், கடல் கரையை அரிப்பதும் அங்கு வழக்கமான துயரம். அதே 2004இல்தான் கோஸ்ரீ பாலங்கள் திறந்தன. அதுவரை எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக்கூடப் படகுதான்.

பிள்ளைகளுக்கு வேலை: பெரியாற்றை வரைந்து, ஆலுவாயில் அது இரண்டாகப் பிரிவதைக் காட்டுங்கள். முனம்பத்துக்குப் போவது எந்தக் கிளை, வராப்புழைப் பக்கம் வருவது எது என்று பெயர் எழுதி அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.