வாழும்போதே வழங்கும் அன்பு

ஒருவர் மறைந்தபின் அவர் படத்திற்கு மாலை சூட்டுவதும், அவர் விரும்பிய உணவைப் படைப்பதும் தமிழர் வழக்கம். அம்மாலையை அவர் காண இயலாது. அவ்வுணவைச் சுவைக்கவும் இயலாது. அவர் வாழ்ந்த நாளில் அருகில் அமர்ந்து பேசிய பேச்சே அவரைச் சென்றடைந்த அன்பாகும்.

இவ்வுண்மையைக் கேரளம் ஓர் இயக்கமாகவே வளர்த்துள்ளது. தீராத நோயுற்றோரை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் முன்பு இருந்தது. மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் 1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலிதணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். நோயைத் தீர்க்க இயலாவிடினும் வலியைத் தணிக்கலாம், தனிமையைப் போக்கலாம் என்பதைச் செயலில் காட்டினர்.

பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, நோயாளரின் வீடுகளுக்குச் செல்லலாயினர். மாணவரும் அப்பணியில் இணைந்தனர். 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் இதனை முதலில் வகுத்தது கேரளமே. இன்று ஊராட்சிகளின் துணையோடு செவிலியர் வீடு தேடி வருகின்றனர். படுக்கைப்புண்ணுக்கு மருந்திடுகின்றனர், பராமரிக்கும் முறையை வீட்டாருக்கும் கற்பிக்கின்றனர்.

பாலக்காட்டின் சித்தூரிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்தோருள் சிலருக்குத் தம் வலியை மலையாளத்தில் விளக்கத் தெரியாது. தமிழில் ‘கடுப்பு’ வேறு, ‘குடைச்சல்’ வேறு, ‘எரிச்சல்’ வேறு. எரியும் வலி பெரும்பாலும் நரம்பைச் சார்ந்தது; அதற்குரிய மருந்தும் வேறு. எனவே, பாட்டியின் சொல்லைச் செவிலியருக்குத் தெளிவாக எடுத்துரைக்க இருமொழி அறிந்த பேரனோ பேத்தியோ வேண்டும். வீட்டுமொழியைக் கற்றதன் பயன் அப்போது விளங்கும்.

மருந்தைச் செவிலியர் தருவார். செய்தித்தாளைப் படித்துக் காட்டுதல், தோட்டத்துப் பழங்கதையைக் கேட்டல், கைபிடித்து முற்றம் வரை அழைத்துச் செல்லுதல் ஆகியன சிறுவராலும் இயலும். இவற்றை நாளைக்கு என்று தள்ளிவைத்தலாகாது.

சொற்பொருள்
தணித்தல் – குறைத்தல்
செவிலியர் – நோயாளரைப் பேணுவோர்
முற்றம் – வீட்டின் முன்னிடம்

வினாக்கள்
1. வலிதணிப்புப் பராமரிப்புச் சங்கம் எங்கு, எப்போது தொடங்கப்பட்டது?
2. வலியைக் குறிக்கும் சொற்களை வேறுபடுத்தி அறிவது ஏன் தேவை?
3. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதி, அவருக்கே படித்துக் காட்டுக.