புது ஊரில் நல்ல கடை எது?



ஊர் மாறி வருபவருக்குத் தங்க இடம் ஒரு முறை கிடைத்துவிட்டால் போதும். ஆனால் "எங்கே சாப்பிடுவது? எங்கே சாமான் வாங்குவது?" என்ற கேள்விகள் நாளுக்கு மூன்று வேளையும் எழும். அவற்றுக்குச் சரியான விடை கிடைக்காதவருக்கு வயிறும் கெடும், பணமும் கரையும். "இந்த ஊர் நமக்கு ஒத்து வராது" என்ற சலிப்பும் சீக்கிரமே வந்து சேரும்.

இம்மாதப் பாடத்திற்குச் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். தமிழகத்திலிருந்தும் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் முதலிய ஊர்களிலிருந்தும் நம்மவர் தொழில் நிமித்தம் வந்து குடியேறும் ஊர் இது. இப்பாடம் இரண்டு பேருக்கு உரியது. ஒருவர் புதிதாக வந்தவர். மற்றவர் கடையில் கல்லாவில் அமர்ந்திருக்கும் நாம்.

1. அன்றும் இன்றும்

முன்னாளில் இக்கேள்விகள் இவ்வளவு கடினமாக இருக்கவில்லை. மார்க்கெட் தெரு, சூலியா தெரு, தஞ்சோங் பகார் முதலிய இடங்களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கினார்கள். புதிதாக வந்தவரும் அங்கேதான் பாய் விரித்தார். சமையலும் அங்கேயே நடந்தது. எந்தக் கடையில் அரிசி நன்றாக இருக்கும், எந்தக் கடையில் கறி வாங்கலாம் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிறகு மக்கள் தீவெங்கும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1989ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வட்டாரத்திலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி விகிதம் வகுக்கப்பட்டது. ஆகவே இன்று நம்மவரில் ஒருவர் உட்லண்ட்ஸில் இருக்கிறார், ஒருவர் ஜூரோங்கில், மற்றொருவர் தெம்பனீஸில் இருக்கிறார். எல்லாரும் கலந்து வாழ்வது நல்லதே. ஆயினும் கீழே இறங்கியவுடன் புழுங்கலரிசியும் கறித்தூளும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

2. யாரிடம், எப்படிக் கேட்பது?

தேடலைப் பள்ளிவாசலிலிருந்து தொடங்குவது நன்று. டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளியும், சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளியும், சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளியும் இருக்கின்றன. ஜும்ஆ முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் நம் மொழி பேசுவோர் பலர் இருப்பர். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலுக்கும் தவறாமல் செல்ல வேண்டும். அந்த வட்டாரத்துக் கடைகளை அறிந்த மலாய்ச் சகோதரர்கள் அங்கே கிடைப்பார்கள்.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "இங்கே எந்தக் கடை நல்ல கடை?" என்று கேட்டால், விருந்தினரை அழைத்துச் செல்லும் கடையைத்தான் எவரும் சொல்வார். நார்த் பிரிட்ஜ் சாலையில் சுல்தான் பள்ளிக்கு எதிரே 1908 முதல் முர்தபாவுக்குப் பெயர்பெற்ற ஸம்ஸம் உணவகத்தை யாரும் சொல்லிவிடலாம். ஆனால் தினமும் முர்தபா உண்ண நம்மால் ஆகுமா? "உங்கள் வீட்டுக்குக் கறி எங்கே வாங்குகிறீர்கள்? வீட்டில் சமைக்காத நாளில் எங்கே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். தம் சொந்தப் பணத்தைக் கொண்டுபோய் வாரந்தோறும் கொடுக்கும் கடையையே அப்போது அவர் சொல்வார். அப்படி மூன்று பேரிடம் கேட்டு, இருவர் ஒரே கடையைச் சொன்னால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

3. ஹலால்: பெயர்ப்பலகையும் சான்றிதழும்

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 168ஆம் வசனம், உண்பது ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தே உணர்த்துகிறது. ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டியது நம் கடமை.

சிங்கப்பூரில் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருவது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம். அதன் அனுமதியின்றி ஹலால் முத்திரையைப் பயன்படுத்துவது குற்றம். சான்றிதழைப் பார்க்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: கடையின் பெயர், முகவரி, காலாவதியாகும் நாள். ஒரே நிறுவனத்துக்குப் பல கிளைகள் இருக்கலாம். ஒரு கிளையின் சான்றிதழ் மற்றொரு கிளைக்குச் செல்லாது. உணவங்காடி நிலையத்திலும் கோப்பிக்கடையிலும் ஒவ்வொரு கடையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முயிஸின் இணையத்தளத்தில் கடையின் பெயரைத் தேடி அறியலாம்.

சான்றிதழ் பெறாத முஸ்லிம் கடைகளும் இங்கே உண்டு. அவற்றை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதே சமயம், தொப்பி அணிந்தவர் படமோ அரபுப் பெயரோ இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடவும் கூடாது. "இறைச்சி எங்கிருந்து வருகிறது?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நாணயமான கடைக்காரர் கோபிக்க மாட்டார். தமக்கு இறைச்சி தருபவரின் பெயரைச் சொல்வார், சிலர் ரசீதையும் காட்டுவார்கள். கேள்வி கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் மறுமுறை போக வேண்டாம்.

புதிதாக வந்தவர் அறியாத ஒன்று உண்டு. உணவங்காடி நிலையங்களில் உண்டவரே தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்ற விதி 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு வைத்திருப்பார்கள். நம் தட்டை அந்த அடுக்கில்தான் வைக்க வேண்டும்.

4. சாப்பாட்டுக் கடையைச் சோதிக்கும் முறை

முதல் நாள் பிரியாணி கேட்க வேண்டாம். நெய்யும் மசாலாவும் பல குறைகளை மறைத்துவிடும். வெறுஞ்சோறு, ஓர் ஆணம், ஒரு காய், இவை மட்டும் கேட்டுப் பாருங்கள். சோறு சூடாக இருக்கிறதா, ஆணத்தில் நேற்றைய வாடை அடிக்கிறதா, காய் இன்று நறுக்கியதா என்பது ஒரு கவளத்தில் தெரிந்துவிடும். காலையில் பசியாறப் போனால் புரோட்டாவைப் பாருங்கள். கண்ணெதிரே வீசிப் போடுகிறாரா, முன்பே போட்டு அடுக்கியதைச் சுட வைத்துத் தருகிறாரா என்பது தெரியும்.

யார் சாப்பிடுகிறார்கள் என்றும் கவனியுங்கள். பக்கத்துக் கடைக்காரர், வண்டி ஓட்டுநர், தொழிலாளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆகியோர் நாள்தோறும் வந்தால் விலையும் ருசியும் நியாயமானவை என்று கொள்ளலாம். கை கழுவும் இடமும் மேசை துடைக்கும் துணியும் அடுக்களையின் நிலைமையைச் சொல்லிவிடும்.

விலையை முன்னதாகக் கேட்டுக்கொள்வதில் வெட்கம் இல்லை. சோற்றுக்கு மேல் நாமே காட்டிக் காட்டி எடுத்து வைக்கச் சொல்லும் கடைகளில், மீன் தலையும் பெரிய இறாலும் கணக்கை எங்கோ கொண்டுபோய்விடும். சில உணவகங்களில் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணமும் பொருள் சேவை வரியும் மேலே சேரும் என்பது அதன் பொருள். அவ்வரி 2024 ஜனவரி 1 முதல் நூற்றுக்கு 9. சேவைக் கட்டணம் பெரும்பாலும் நூற்றுக்கு 10. பத்து வெள்ளி என்று போட்டிருப்பது பன்னிரண்டு வெள்ளியாக முடியும். வரிக்குப் பதிவு செய்துகொள்ளாத சிறு கடை அவ்வரியை வசூலிக்கவே கூடாது என்பதையும் இரு தரப்பாரும் அறிந்திருக்க வேண்டும்.

5. மளிகையும் சந்தையும்

நம் சமையலுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமானால் தேக்காவுக்குப் போக வேண்டும். சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் மூலையில் இருக்கும் அந்தச் சந்தைக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஆட்டிறைச்சி, மீன், காய்கறி எல்லாம் கிடைக்கும். பக்கத்தில் பஃபலோ சாலையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை வரை வாங்கலாம். காலையிலேயே செல்வது நல்லது. திங்கட்கிழமையில் பல ஈரச்சந்தைக் கடைகள் மூடியிருக்கும். கிழக்கே இருப்பவர் கேலாங் சிராய் சந்தைக்குப் போகலாம். மலாய்ச் சமையலுக்கு வேண்டிய சாமான்கள் அங்கே நிறைய உண்டு.

மீன் வாங்கும்போது பெயர் தெரியாமல் திகைக்க வேண்டாம். இங்கே தெங்கிரி என்பது நம் ஊர் வஞ்சிரம். தென்பகுதியில் நெய்மீன் என்போம். கெம்போங் என்பது கானாங்கெளுத்தி. குராவ் என்பது காலா. பாவால் என்பது வாவல். சோத்தோங் என்பது கணவாய். பிலிஸ் என்பது நெத்திலி. ஆட்டிறைச்சி கேட்கும்போது வெள்ளாடா செம்மறியா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் செம்மறி இங்கே மிகுதி. குளிரூட்டியதா, உறைய வைத்ததா என்றும் கேளுங்கள். விலையும் வேகும் நேரமும் அதைப் பொறுத்தே இருக்கும். பழைய வியாபாரிகள் சிலர் கட்டிக் கணக்கில் விலை சொல்வர். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். அதைக் கிலோ என்று நினைத்துக்கொண்டால் கணக்குத் தவறிவிடும்.

அரிசியை முதலில் சிறு பையாக வாங்கிச் சமைத்துப் பாருங்கள். பிடித்த பிறகு பெரிய பை வாங்கலாம். கறித்தூள் வாங்கும்போது, மல்லி எத்தனை பங்கு, மிளகாய் எத்தனை பங்கு என்று கேட்டு அரைத்துத் தரும் கடை கிடைத்தால் விடாதீர்கள். மீன் ஆணத்துக்கு வேறு, இறைச்சிக்கு வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர்.

ஒரு கடையை ஒரே நாளில் முடிவு செய்யாமல் நான்கு வாரம் பாருங்கள். மூன்றாம் வாரமும் அதே சரக்கு, அதே விலை, அதே முகம் இருக்கிறதா? கெட்டுப்போன ஒரு தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோனால் என்ன சொல்கிறார்? ஒரு தேங்காய்க்காக வாதாடுபவரா, மறுபேச்சின்றி மாற்றித் தருபவரா என்பதில் அவருடைய நாணயம் முழுவதும் தெரிந்துவிடும்.

6. கல்லாவில் இருப்பவருக்கு

நிற்க. இதுவரை சொன்னவற்றை வாங்குபவருக்குச் சொன்னதாகவே நாம் எண்ணிவிடக் கூடாது. புதிதாக வந்த ஒருவர் இத்தனையையும் பார்த்துக்கொண்டு நாளை நம் கடை வாசலில் நிற்பார். நாம் தேறுவோமா?

குளிரூட்டிய பெரிய பேரங்காடிகளுடன் விலையில் போட்டியிட நம் சிறு கடைகளால் எப்போதும் இயலாது. ஆனால் "இந்த மீன் வேண்டாம் தம்பி, இன்று அது புதிதில்லை" என்று சொல்லும் வாய் அங்கே இல்லை. அந்த ஒரு சொல்லால் இரண்டு வெள்ளி இலாபம் போகலாம். இருபது வருட வாடிக்கை வரும். மாறாக, விவரம் அறியாதவர் என்று முதல் நாளே பழைய சரக்கைத் தலையில் கட்டினால், அவர் திரும்பி வரமாட்டார். தாம் மட்டும் வராமல் இருப்பதோடு நில்லாமல், "நம்மவர் கடைக்குப் போகாதே" என்று பத்துப் பேரிடம் சொல்வார். ஒருவர் செய்த தவறுக்கு நம் எல்லாருடைய பெயரும் கெடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததை நாயகம் அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். மேலே நல்ல தக்காளி, அடியில் நசுங்கியது என்று பை கட்டும்போது இந்த வரலாறு நம் நினைவுக்கு வர வேண்டும். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கு அளவில் மோசம் செய்வோரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது என்பதும் சிந்திக்கத் தக்கது.

பற்றாக்குறைக் காலம் வியாபாரிக்கு உண்மையான சோதனை. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. கோழித் தடை 2022 அக்டோபரில் முழுமையாக நீங்கியது. அரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. தடைகள் வரும், போகும். அந்த நாட்களில் சரக்கைப் பதுக்கியவர் யார், வந்த விலைக்கு நியாயமான இலாபம் வைத்து விற்றவர் யார் என்பதை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

ஆகவே கடைக்காரர் செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லாச் சரக்குக்கும் விலை எழுதி வைக்க வேண்டும். தராசு வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ஹலால் சான்றிதழ் இருந்தால் வாசலில் மாட்ட வேண்டும். இல்லையேல் இறைச்சி வந்த ரசீதைக் கேட்டவுடன் காட்ட வேண்டும். புதியவரிடம் ஊரும் பெயரும் விசாரித்து, பள்ளிவாசலுக்கு வழி சொல்ல வேண்டும். தம்மிடம் இல்லாத சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவர் நிச்சயம் திரும்பி வருவார்.

படித்தபின் சிந்திக்க

1. சான்றிதழில் கவனிக்க வேண்டிய மூன்று யாவை?
2. "நல்ல கடை எது?" என்பதைவிட "உங்கள் வீட்டுக்கு எங்கே வாங்குகிறீர்கள்?" என்று கேட்பது ஏன் மேல்?
3. இம்மாதம் நம் கடைக்கு வந்த புதியவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள்?

மூன்றாம் கேள்விக்கு விடையை ஒவ்வொருவரும் தம் கடையில்தான் தேட வேண்டும். வல்ல அல்லாஹ் நம் உணவைத் தூய்மையாக்கி, நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.