கேம்பர் பெட்டி ஏத்த செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கப் போறீங்களா? ஆர்.சி.யில இந்த ரெண்டு எடையைப் பாருங்க



பெரம்பலூர்லயோ அரியலூர்லயோ ஒரு புரோக்கர்கிட்ட "கேம்பருக்குப் பழைய வண்டி வேணும்"னு கேட்டுப் பாருங்க. நேரா ஒரு பொலேரோ கேம்பர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்திடுவார். நம்ம ஊர்ல கேம்பர்னா அதுதான். ரெண்டு வரிசை சீட் இருக்கும், பின்பக்கத் தொட்டி சின்னது. நாம பேசப் போறது வேற. படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் அடங்கின ஒரு பெட்டி. டூர் போகும்போது பிக்கப் தொட்டியில ஏத்தி, வந்ததும் இறக்கி வைக்கலாம்.

இது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. நாமக்கல் பக்கத்து இளைஞர் அருண் பிரபு, சுமார் 1 லட்ச ரூபாய்ல ஒரு ஆட்டோ மேல 36 சதுர அடி வீடு கட்டினார். கழட்டி மாட்டலாம். 2021 பிப்ரவரியில ஆனந்த் மஹிந்திரா, இதை பொலேரோ பிக்கப் மேல டிசைன் பண்ண முடியுமான்னு ட்விட்டர்ல கேட்டார். அந்த வீட்டுல 250 லிட்டர் தண்ணி டேங்க் இருந்தது. 250 லிட்டர்னா 250 கிலோ. பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

வண்டி பிடிச்சுப் போய் அட்வான்ஸ் கொடுத்துட்டு, அப்புறம் பெட்டி டிசைன் பண்றாங்க. தலைகீழா செய்யுங்க. முதல்ல பெட்டியோட எடை, அப்புறம் வண்டி.

ஆர்.சி.யில வெறும் வண்டியோட எடை, சுமையோட மொத்த எடைன்னு ரெண்டு நம்பர் இருக்கும். வித்தியாசம்தான் நீங்க ஏத்தக்கூடியது. உதாரணத்துக்கு 1,700, 2,900 கிலோன்னு வச்சுக்கோங்க. 1,200 கிலோ கிடைக்குது. ஆனா பழைய ஓனர் கூண்டு, கூடுதல் இரும்புன்னு அடிச்சிருப்பார். அதனால காலி வண்டியை எடை மேடையில ஏத்துங்க. சிமெண்ட் லாரி ஓடுற அரியலூர் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்ல. 1,820 காட்டினா, உங்க கையில 1,080தான். அதுல பெட்டி 450, தண்ணி 150, பேட்டரி, கேஸ், சாமான் 150, ரெண்டு ஆள் 140. மொத்தம் 890. தப்பிச்சோம். இதே பெட்டியை இரும்பு, பிளைவுட்ல 700 கிலோவுக்கு அடிச்சா 1,140. போச்சு! ஓவர்லோடுக்கு அபராதமே 20,000 ரூபாய்ல ஆரம்பிக்குது.

"பட்டா ரெண்டு சேர்த்துப் போட்டிருக்கு சார், எவ்வளவு வேணா தாங்கும்"னு சொன்னா, அது பிளஸ் பாயிண்ட் இல்ல. எவ்வளவு அடி வாங்கின வண்டின்னு அவரே சொல்றார்னு அர்த்தம். சட்ட வரம்பு ஒரு கிலோ கூட ஏறாது. சுண்ணாம்புக்கல், ஜல்லி ஏத்தின வண்டின்னா சேஸிஸ்ல வெல்டிங் தழும்பு இருக்கான்னு கீழ படுத்துப் பாருங்க. சின்ன வெங்காயம், மக்காச்சோளம் ஏத்தின டி.என். 46 வண்டிகளும் வரும். என் சாய்ஸ் அந்தப் பக்கம்தான், அதுக்காக சோதிக்காம விட்டுடாதீங்க. இசுசு வி-கிராஸ் பார்க்க கெத்துதான். ஆனா சுமை வரம்பு ரொம்பக் குறைவு, இந்தப் பெட்டிக்கு ஆகாது.

பெட்டியை வெல்டிங் வச்சு நிரந்தரமாக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி அது வண்டியை மாற்றியமைப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். கழட்டுற பெட்டியா இருந்தாலும் டிசைனைக் காட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுடுங்க. ஓடும்போது பெட்டிக்குள்ள யாரும் உட்காரக் கூடாது. லைசென்ஸ் பத்திக் கவலை வேண்டாம்; 7,500 கிலோ வரைக்கும் கார் லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணிடுச்சு.

இப்ப நம்ம சேனல் மேட்டர். 4 லட்சம் கடன், 4 வருஷம். பேங்க்ல 15% குறையும் வட்டின்னா இ.எம்.ஐ. சுமார் 11,130. ஃபைனான்ஸ்காரர் "வெறும் 10% தம்பி"ன்னு சிரிச்சா, அது ஃப்ளாட் வட்டி. வட்டி மட்டும் 1,60,000, இ.எம்.ஐ. 11,667. குறையும் வட்டிக் கணக்குல இது சுமார் 17.6%. சம்பளம் 35,000 வாங்குறவருக்கு மூணுல ஒரு பங்கு, வருஷத்துக்கு நாலு டூர் போற வண்டிக்கு! நானா இருந்தா பெட்டியை மட்டும் செஞ்சுட்டு, ரெண்டு சீசன் வாடகை பிக்கப்லயே ஓட்டிப் பார்ப்பேன்.

அப்பவும் வாங்கியே தீரணும்னா, மஞ்சள் போர்டு வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதுக்கப்புறம் வருஷா வருஷம். அந்தச் செலவை இப்பவே தனியா ஒதுக்குங்க. பழைய கடன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35 இல்லாம முழுப் பணம் கொடுக்காதீங்க. பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. புரோக்கர் வரும்னு சொல்வார்.