வீட்டுக் காப்பீட்டில் தொகையைக் குறைத்துவிட்டார்களா? கணக்குக் கேளுங்கள்

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூரைச் சுற்றிய தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படி நனைந்த வீட்டுக்குக் காப்பீடு இருந்தாலும், சேதம் ஒரு தொகையாகவும் கைக்கு வருவது வேறு தொகையாகவும் இருக்கலாம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எழுதிய எண்ணே இறுதி என்று நம்பிப் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது இறுதி அல்ல. 2009இல் பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை மாற்ற முடியாத முடிவு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதை மறுக்க ஆதாரம் வேண்டும். அதைச் சேர்க்கும் வழி இது.

1. பாலிசியைப் படியுங்கள்

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியை வழங்குகின்றன. இதில் மனையின் விலை சேராது. கட்டடத்தின் பரப்பை, பாலிசி தொடங்கும் நாளின் கட்டுமானச் செலவால் பெருக்கித்தான் காப்பீட்டுத் தொகை வரும். கே.கே. நகரில் வீடு என்ன விலைக்குப் போகும் என்பது இங்கே கணக்கில்லை. சேதமான பகுதியைப் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் நியாயமான செலவே அளவுகோல். எனவே கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்திருந்தால், எந்த விதியின்படி என்று கேளுங்கள்.

பழைய வகைத் தீ காப்பீடாக இருந்தால் ‘சராசரி விதி’ இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 லட்ச ரூபாய் சேதத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. பரப்பைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

2. துடைக்கும் முன் படம் எடுங்கள்

சுவரில் தண்ணீர் நின்ற கோடு, உப்பிய கதவு, பெயர்ந்த தரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, இழப்பீட்டுக் கோரிக்கை எண்ணை வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் இடிபாட்டை அள்ளாதீர்கள். அள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் எழுதித் தெரிவித்துவிட்டு அள்ளுங்கள்.

3. விரிசலுக்குத் தனி ஆதாரம் வையுங்கள்

திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும்; அதனால் சுவரில் விரிசல் விழும். புதுக் கட்டடம் இயல்பாக அமரும்போது வரும் விரிசலுக்குப் பாலிசியில் இழப்பீடு இல்லை. வெள்ளத்தால் வந்த விரிசலையும் சர்வேயர் இந்தக் கணக்கில் தள்ளிவிடலாம். மழைக்கு முந்தைய வீட்டுப் படங்களும், விரிசலின் காரணத்தை விளக்கும் பொறியாளரின் சான்றும் இதற்குப் பதில் சொல்லும்.

4. உங்கள் மதிப்பீட்டைத் தயார் செய்யுங்கள்

பதிவுபெற்ற பொறியாளரிடம் வேலை வாரியாக மதிப்பீடு வாங்குங்கள். பூச்சு எத்தனை சதுர அடி, தரை எத்தனை சதுர அடி, விலை என்ன என்று தனித்தனியாக இருக்கட்டும். மொத்தமாக ஒரு தொகை எழுதிய தாள் வாதத்தில் நிற்காது. பொதுப்பணித்துறையின் விலைப்பட்டியலை ஒப்பிட்டுக் காட்டினால் வலு கூடும். பொறியாளர் கட்டணத்துக்கு இழப்பீட்டில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரையும் கிருஹ ரக்ஷாவில் கேட்கலாம். கொத்தனார் கூலி முதல் சிமென்ட் வரை ரசீது வையுங்கள்.

5. சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள்

நகல் வந்ததும் உங்கள் மதிப்பீட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு, எங்கே குறைந்தது என்று அட்டவணை போடுங்கள். அளவு குறைந்ததா, விலை குறைந்ததா, தேய்மானம் கழிந்ததா என்பதை அது காட்டிவிடும். அந்த அட்டவணையே உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

6. ‘முழுத் தீர்வு’ என்று கையெழுத்திடாதீர்கள்

தொகையைத் தரும்போது நிறுவனம் கையெழுத்துக் கேட்கும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் ‘மறுப்புடன் பெறுகிறேன்’ என்று எழுதுங்கள். அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று 1999இல் அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நெருக்கடியை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

7. படிப்படியாக மேலே போங்கள்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்ச ரூபாய் வரையான இழப்பீட்டை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; உங்களுக்கு நிறைவில்லை என்றால் மேலே போகலாம்.

அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வட்டியும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் சேர்த்துக் கேளுங்கள். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

ஆணையத்துக்குப் போக இரண்டாண்டுதான் அவகாசம். கடிதப் போக்குவரத்து நீள்வதால் அந்தக் கெடு நீளும் என்று நம்பாதீர்கள். நிறுவனத்தின் முடிவு கைக்கு வந்த அன்றே இரண்டாண்டு முடியும் தேதியைக் குறித்து வைத்து, அதற்குள் வழக்கைப் பதிவு செய்துவிடுங்கள்.