தாமிரபரணி: மலைக்காடு முதல் கடைமடை வரை

கிராமக் கூட்டுறவு நாணய சங்கத்தில் பயிர்க்கடன் மனு ஒன்று வந்தால், பஞ்சாயத்தார் நிலத்தின் பரப்பையும் ஜாமீன்தாரர்களின் யோக்கியதையையும் விசாரிக்கிறார்கள். அந்த நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து, எந்த மாதத்தில், எத்தனை ஊர்களைத் தாண்டி வருகிறதென்று விசாரிப்பவர் சிலரே. ஆற்றுப்பாசன கிராமத்தில் கடன் திரும்பி வருவது பெரும்பாலும் இதைப் பொறுத்ததாகும். ஆகையால் ஓர் ஆற்றின் போக்கை அதன் தலையிலிருந்து அறிந்துகொள்வது அங்கத்தினர்களுக்கு வீண்வேலை ஆகாது. திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் ஜீவநதியாகிய தாமிரபரணியை இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

பொருநை என்று பழைய நூல்கள் கூறும் இந்நதி, பொதிகை மலையில் அகத்தியர்கூடம் என்னும் சிகரத்தை அடுத்த காட்டில் உற்பத்தியாகிறது. சிகரத்தின் உயரம் 6,100 அடிக்கு மேல். நதியின் மொத்த நீளம் ஏறத்தாழ 80 மைல்தான். காவிரியோடு ஒப்பிட்டால் இது சிறு நதி. ஆயினும் இதன் பிறப்பிடமும் கடல் சேருமிடமும் தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே இருப்பதால், மற்றொரு ராஜ்யத்தாரிடம் தண்ணீருக்கு மன்றாட வேண்டிய நிலை இல்லை. வழக்கெல்லாம் மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் நடுவில்தான்.

இந்த நதி கோடையிலும் முற்றிலும் வற்றாமலிருப்பதற்குக் காரணம் இரண்டு. முதலாவது மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே மலையாளச் சீமையில் பெய்துவிடுகிறது. கீழே அம்பாசமுத்திரத்திலும் பாளையங்கோட்டையிலும் அப்போது காற்றும் சாரலுமே மிச்சம். ஆனால் முகட்டை ஒட்டிய காடுகள் அந்த மழையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் நேராகவே பெய்கிறது. இவ்வாறு ஓர் ஆண்டில் இரு முறை மலை நனைகிறது.

இரண்டாவது காரணம் காடு. ஓட்டு வீட்டின்மேல் பெய்த மழை அக்கணமே முற்றத்தில் விழுந்து ஓடிவிடும். ஓலைக் கூரையிலோ, மழை விட்ட பிறகும் இறவாரம் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். மொட்டை மலைக்கும் சோலை மலைக்கும் உள்ள பேதம் இதுவே. மரக்கிளைகள் மழையின் அடியைத் தாங்குகின்றன. உதிர்ந்த சருகு மக்கி மெத்தைபோல் கிடக்கிறது. வேர்கள் துளைத்த மண்ணில் ஜலம் இறங்கி, நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஊற்றுகளாகக் கசிகிறது. காணிக்காரர் என்னும் மலைவாசிகள் நெடுங்காலமாக இக்காட்டில் வசித்து வருகின்றனர். முண்டந்துறைக் காடு 1962-லும் களக்காட்டுக் காடு 1976-லும் சரணாலயங்களாக்கப்பட்டு, 1988-இல் இரண்டும் ஒரே புலிகள் காப்பகமாயின. புலிக்கென்று காத்த காடு நஞ்சைக்கும் தண்ணீர் காத்துவருகிறது.

காடு முழுவதும் தப்பிவிடவில்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்த ஏறத்தாழ 8,400 ஏக்கர் மலைநிலம் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. மாஞ்சோலை முதலிய இடங்களில் மரம் நீங்கித் தேயிலை வந்தது. மணிமுத்தாற்றின் தலைப்பு அங்கேதான். 2024-இல் தோட்ட வேலை நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் மலையிறங்க நேர்ந்தது. காடு மீள்வது நல்லதே. ஆனால் அதற்காக வீடிழந்தவர்களின் கஷ்டத்தை அற்பமென்று எண்ணுவது நியாயமல்ல.

மலைக்குள்ளேயே பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு முதலியவை நதியில் கலக்கின்றன. பாண தீர்த்தத்தில் வீழ்ந்த நீர் பாபநாசம் மேலணையில் தேங்குகிறது. இத்தண்ணீரைக் கொண்டு 1944 முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு வருகிறது. அணையின் முழு மட்டம் 143 அடி. சேர்வலாற்றில் 1986-இல் கட்டிய அணை இதனோடு சுரங்க வழியாக இணைக்கப்பட்டுள்ளது. மணிமுத்தாற்றின் 118 அடி அணை 1958-இல் முடிந்தது. சமவெளியில் கடனா நதி திருப்புடைமருதூரிலும், பச்சையாறு தருவை அருகிலும், குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியிலும் வந்து சேர்கின்றன.

இனி அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய சர்க்கார் கட்டியது. மற்றவை அதற்கு மிக முற்பட்டவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்கள் குளங்களை நிரப்பி, ஏறத்தாழ 86 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கின்றன. குறுக்கே கட்டிய கல்லணைகளாதலால், ஒவ்வொன்றும் தன் காலுக்கு வேண்டியதைத் திருப்பிக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுகிறது. எட்டாவது அணைக்கு வருவது ஏழு அணைகள் எடுத்தது போக உள்ளதே.

இதன் பயனை இரு போகங்களில் காணலாம். ஜூனில் தொடங்கும் கார்ப் பயிர் மலையின் தென்மேற்கு மழையை மட்டும் நம்பியது. அணை இருப்புக் குறைந்த வருஷங்களில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய மேற்கால்களுக்கே தண்ணீர் திறக்கிறார்கள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்களில் கார் சந்தேகமே. வடகிழக்கு மழையில் நடும் பிசானம் எல்லாருக்கும் உரியது. அது மாசி, பங்குனியில் களத்துக்கு வரும். அம்பாசமுத்திரப் பக்கத்துச் சங்கத்துக்குப் பொருந்தும் தவணையை ஏரல் பக்கத்துச் சங்கத்துக்கும் விதித்தால், கடைமடைக்காரர் நாணயம் தவறியவர்போல் தோன்றுவார். தவறியது தவணையைக் குறித்தவரின் கணக்கு. கார்க்கடன் வழங்குமுன் பாபநாசம் அணையின் மட்டத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்வது பஞ்சாயத்தாருக்கு ஒரு நிமிஷ வேலை.

காடு பெருவெள்ளத்தையும் தடுத்துவிடும் என்று எண்ணலாகாது. 1992 நவம்பரில் நதி கரை கடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை மலையில் மட்டுமின்றிச் சமவெளியிலும் கொட்டிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்தன; ஸ்ரீவைகுண்டத்தில் பிரயாணிகளோடு ரயில் நின்றுபோயிற்று. மண் ஒரு தடவை நிரம்பினபின் மேலே விழும் மழைக்குக் காட்டிலும் இடமில்லை.

வெள்ளம் கொணரும் மண் அணைகளிலும் குளங்களிலும் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. மீதி மண் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்பெற்ற துறைமுகமாகிய கொற்கை இந்நதியின் முகத்துவாரத்தில் இருந்தது. நதி இட்ட மண்ணால் கடல் விலகி, கொற்கை இன்று உள்நாட்டுக் கிராமமாக நிற்கிறது.